நீர் வந்த வீடுகள்

ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், பால்காரர் மணி அடித்துக்கொண்டு மேலத்தெருவுக்குள் திரும்பிய நேரத்தில், புன்னைநேரிக் குளத்துத் தண்ணீர் கரையேறி ஊருக்குள் வந்தது. வெள்ளமாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளமாக வந்திருந்தால் நாங்கள் பயந்திருப்போம். இது சுண்டுவிரல் கனத்துக்குத் தனித்தனி இழையாக வந்தது. கரைச் சரிவில் கீழிருந்து மேலே ஏறி, புளியமரத்தைச் சுற்றி, ரேஷன் கடை முக்கில் கொஞ்சம் நின்று யோசித்து, பிறகு ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு தெருவாகப் பிரிந்து, தனக்கென்று ஒரு வீட்டைத் தேடிப் போய், அந்த வீட்டு நடைப்படிக்கு முன்னால், கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்கிற சொந்தக்காரரைப் போல, முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. ஆறரை மணி பஸ் வந்தபோது ரோட்டைக் கடந்துகொண்டிருந்த இரண்டு இழைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன. அதனால் டிரைவருக்கு அவற்றின் மேல் ஆரம்பத்திலேயே நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

என் வீட்டுக்கும் ஒன்று வந்தது. என் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஒங்களத் தேடிக் குளம் வந்திருக்கு" என்றாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இருக்கச் சொல்லு, வாரேன்" என்றேன். குளம் என்னைத் தேடி வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் பெயர் குற்றாலம். படித்துறையில் லாரி ட்யூபில் காற்றடித்து நீச்சல் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். ட்யூப் குத்தாலம் வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊர் நாயும் வழி காட்டும். எங்கள் ஊருக்குக் கோபுரப் பெருமை கிடையாது, கோட்டைப் பெருமை கிடையாது, இருப்பது குளம் ஒன்றுதான். அருவிக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் குளத்தில் நிறுத்தி ஒரு முங்கு போட்டுவிட்டுத்தான் போகும். ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையிலிருந்து அக்கரை மடை வரைக்கும் நீச்சல் போட்டி நடக்கும், ஜெயித்தவர் அடுத்த ஆடி வரைக்கும் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் நடப்பார்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். வைகாசிப் பாதியில், குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது, கண் சிவந்தது, காதில் சீழ் வைத்தது. என்ன ஏது என்று ஆஸ்பத்திரியில் கேட்பதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாத்துதான் காரணம். கீழ்க்கரையில் வாத்துக்காரி சம்பூரணம் அந்த மாசியில்தான் கொட்டகை போட்டிருந்தாள்; அரக்கோணம் பக்கத்திலிருந்து அறுநூறு வாத்துகளையும், மசக்கையோடு இருந்த மகளையும், அதிகம் பேசாத மருமகனையும் ஓட்டிக்கொண்டு வந்தவள். வெளியூர்க்காரி, வெள்ளை வாத்து, கண்ணுக்கு எதிரே எச்சம்; இதற்கு மேல் எங்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன் கூட்டம் போட்டு, ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் அவள் வாத்துகளோடு ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணுக்கு அந்த வாரந்தான் நாள் குடுத்துகிறாங்க நைனா" என்றாள் சம்பூரணம். "அத்த ரோட்டுல வச்சி பெத்துக்கச் சொல்றியா?"

"ஊர் நல்லதுக்குத்தானம்மா சொல்லுதோம்" என்றார் தலைவர். நாங்களும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன், இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஜில்லா ஆபீசிலிருந்து தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஜெபராணி என்ற பெண் வந்தாள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எட்டு இடத்தில் எட்டுப் போத்தலில் மொண்டு போனாள், பத்து நாள் கழித்துத் தாளோடு திரும்பி வந்தாள். "மனுசன் வயித்துக் கிருமி ஒரு வகை, வாத்து வயித்துக் கிருமி வேற வகை. ரெண்டுக்கும் தனித்தனிக் கைநாட்டு உண்டுங்கய்யா. வாத்தோடது கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்லல. பிள்ளைகளப் படுக்க வச்சது மனுசனோடது" என்றாள். தலைவர் தாளைக் கையில் வாங்காமலே சிரித்தார். "குளத்துல மனுசந்தானம்மா குளிக்கான். அப்போ மனுச வாடை அடிக்கத்தான செய்யும்?" என்றார். அது எங்களுக்குப் பெரிய அறிவாகப் பட்டது.

இப்படி இருந்தபோதுதான் குளம் வீடு தேடி வந்தது. முப்பத்தொரு வீட்டுக்கு முப்பத்தொரு இழை. விடிந்ததும் வரும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த வழியே திரும்பிப் போகும். வாசலுக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் இருந்து எங்களுக்குப் பழக்கமில்லை. கோலம் போடுகிற பெண்கள் இழை வருவதற்கு ஒரு சாண் வழி விட்டுப் போட்டார்கள், சைக்கிள்காரர்கள் ஏற்றாமல் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள், ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மின, தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு "நீர் வந்த வீடா, வராத வீடா" என்று கேட்டு விலாசம் கண்டுபிடித்தார். கங்கையே வந்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள், அதை யாரும் மறுக்கவில்லை, மறுக்கிற விஷயமா அது? காலையில் எழுந்ததும் இழையில் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, பிறகுதான் காபி என்று ஆயிற்று. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே "நீர் வந்த வீடு" என்று அச்சடித்தார்கள். எல்லாவற்றிலும் கனமான இழை, கட்டைவிரலுக்கும் பெரியது, தலைவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் அது நிற்பதற்கு ஒரு சலவைக்கல் தொட்டி செய்யச் சொல்லிவிட்டார்.

நீர் வராத வீடுகளின் பாடுதான் பரிதாபம். கொத்தனார் வேலாயுதத்துக்கு நீர் வரவில்லை. அவர் மகளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டு யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே ஊரில் ஒரு இளப்பம் உண்டு. மூன்று வருசத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக் கக்கூஸ் தொட்டி நிறைந்து, உறிஞ்சுகிற லாரி வந்து, தெரு மூக்கைப் பொத்தும். "என்ன கொத்தனாரே, ஊருக்கெல்லாம் தொட்டி கெட்டுதீரு, ஒம்ம தொட்டி மட்டும் நெறஞ்சு நெறஞ்சு வழியுது?" என்று கேட்போம். எங்கள் தொட்டிகள் நிறைவதில்லை. அது எங்கள் ஊரின் இன்னொரு பெருமை. பெண் பார்க்கப் போனாலும் சரி, துக்கம் கேட்கப் போனாலும் சரி, பேச்சு ஓய்ந்த இடத்தில் யாராவது ஒருவர், "எங்க தொட்டி கெட்டிப் பதினெட்டு வருசம், ஒரு நாள் நெறஞ்சதில்ல" என்பார். தலைவர், "எங்களுது இருபத்திரண்டு" என்று முடித்து வைப்பார். தொட்டிக்கு அடித்தளம் போடாமல் விட்டு, பின்பக்கத்தில் ஒரு குழாயை ஓடைப் பக்கமாகச் சாய்த்து மண்ணுக்குள் புதைத்துவிடுவது எங்கள் வழக்கம். கொத்தனார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், "ஒமக்கு வேலை செய்யத் தெரியலன்னு சொல்லும்" என்று அவரையே மடக்கிக் கட்ட வைத்தோம். அந்த ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

சம்பூரணத்தின் கொட்டகைக்கும் நீர் போகவில்லை. பார்த்தாயா, தண்ணீருக்கே அவளைப் பிடிக்கவில்லை என்று பேசிக்கொண்டோம்.

தலைவர் மனைவி செண்பகவடிவு மட்டும் அப்படிப் பேசவில்லை. ஊருக்கு அவள் வடிவு மதினி. புருசன் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையை ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வைத்திருப்பதே அவளுக்கு முழுநேர வேலை. அதனால் கறையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் நிறைமாசக்காரிக்கு என்று அதிரசம் கட்டிக்கொண்டு கீழ்க்கரைக்குப் போனாள். நான் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒங்க வீட்டுக்குத் தண்ணி வரலியே, வருத்தமா இருக்கா?" என்று மதினி கேட்டாள்.

"இன்னாத்துக்கு வருத்தம்? வந்தவங்கள ஒக்கார வைக்க எடம் ஏது இங்க?" என்றாள் சம்பூரணம்.

"ஆமா, கக்கூசுக்கு என்ன செய்யுதிய?"

"மேட்டுக் காட்டுல குழி தோண்டுவோம், மண்ணத் தள்ளி மூடுவோம். தண்ணியாண்ட போவ மாட்டோம்மா. வாத்து குடிக்கிற தண்ணியாச்சே."

மதினி திரும்பி வரும்போது நீர் வந்த வாசலையும் வராத வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் அப்படி நடந்தால் உள்ளே ஏதோ ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கெடு வைத்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஜெபராணி மறுபடியும் வந்தாள். வாசலில் நிற்கிற இழைகளையும் அவள் விட்டுவைக்கவில்லை, இடையில் ஒரு தடவை வந்து ஏழெட்டு வாசலில் மொண்டு போயிருந்தாள். "குளத்துத் தண்ணிய விட இது பல மடங்கு மோசமா இருக்குங்கய்யா. தயவுசெஞ்சு தலையில தெளிக்காதீங்க" என்றாள். தலைவர் சலவைக்கல் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அதற்கு விழா. நாதஸ்வரம், ஆரத்தி, பக்கத்து ஊர்த் தலைவர்கள். அன்றைக்கே சம்பூரணத்தையும் வழியனுப்புவதாக ஏற்பாடு.

"சாமித் தண்ணியில கிருமி பாக்குத ஆளு நீதாம்மா" என்றார். "வடிவு, இந்தப் பிள்ளைக்குக் காபி குடு."

காபியை நீட்டிக்கொண்டே மதினி தணிந்த குரலில் கேட்டாள். "ஏட்டி, எந்த வீட்டுலருந்து போவுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"கக்கூசுல சாயம் ஊத்திப் பாப்போங்கக்கா. சாயம் எங்க வெளிய வருதோ அதான் வழி. இன்னைக்கு எடுத்துட்டு வரல."

"என்ன சாயம்?"

"தண்ணியில கலர் தெரிஞ்சாச் சரி."

மதினி கொல்லைப் பக்கம் பார்த்தாள். கொடியில் பதினோரு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே தலைவர் வீட்டு வாசலில் நின்றது. நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்தார். கரை மேல் அறுநூறு வாத்துகளும், ஒரு தள்ளுவண்டியில் அடுக்கின சட்டி பானையும், அதன் மேல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மகளும், வண்டியைப் பிடித்துக்கொண்டு சம்பூரணமும் நின்றார்கள். மருமகன் வாத்து ஓட்டுகிற நீளக் கம்பைத் தோளில் சாய்த்திருந்தான். விழா முடிந்தால் அவர்கள் நடக்க வேண்டும். முப்பது இழைகள் எப்போதும் போலத் தெளிவாக வந்து தங்கள் தங்கள் வீட்டுக்குப் பிரிந்து போயின. முப்பத்தொன்றாவது, கட்டைவிரலுக்கும் பெரியது, புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தபோது பளீரென்ற நீலமாக இருந்தது.

கூட்டத்துக்கு மயிர்க்கூச்செடுத்தது. நாதஸ்வரக்காரர் ராகத்தை மாற்றினார். "நீலகண்டன்" என்று யாரோ சொல்ல, முன்வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது. தலைவர் கண் கலங்கி, நீல நீரை இரண்டு கையாலும் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டார். அது நெற்றி வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையில் ஓடியது. நாங்களும் முண்டியடித்துக்கொண்டு விரலை நீட்டினோம்.

"அது சொட்டு நீலம்" என்றாள் வடிவு மதினி.

ஆரத்தித் தட்டு அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நேத்து மத்தியானம் நாந்தான் நம்ம கக்கூசுல ஊத்துனேன். பெரிய போத்தல், முழுசும். ராவோட ராவா ஓடை வழியாக் குளத்துக்குப் போயி, விடிஞ்சதும் நம்ம வாசலுக்கே திரும்பி வந்திருக்கு. இது சாமியுமில்ல கங்கையுமில்ல. நம்ம வீட்டுலருந்து போனது நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

நாதஸ்வரம் நின்றது. நெற்றிக்குப் போன கைகள் அப்படியே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக வேட்டிக்கு இறங்கின. என் கையும்தான்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் மதினி, யாரையும் திட்டுகிற குரல் இல்லை. "எந்தெந்த வீட்டுத் தொட்டி நெறயவே இல்லன்னு நாம பீத்திக்கிட்டோமோ, அந்தந்த வீட்டுக்குத்தான் தண்ணி வந்திருக்கு. கொத்தனார் வீட்டுத் தொட்டி நெறயுது, அங்க வரல. சம்பூரணம் மண்ணுல மூடுதா, அங்க வரல. ஆறு வாரமா ஒவ்வொரு வாசலுக்கா வந்து நின்னு சொல்லுது பாவம், நாம ஆரத்தி எடுத்துக்கிட்டு இருக்கோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாவ? என் வீட்டுப் பாவத்துக்கு அந்தப் பிள்ளை ரோட்டுல பெறணுமா?"

பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொத்தனார் வேலாயுதம் சிரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருசச் சிரிப்பு, இருபத்திரண்டு வருசச் சிரிப்பு, எல்லாம் ஒரே தவணையில் வந்தது. அவர் சிரித்ததும், அன்றைக்குச் சாயத்தோடு வந்திருந்த ஜெபராணி சிரித்தாள், பஸ் டிரைவர் சிரித்தார், பிறகு எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. தலைவர் மட்டும் நீலச் சட்டையோடு கொஞ்ச நேரம் தன் வீட்டுப் பின்சுவர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாத மனுசர், அவ்வளவுதான்.

"வேலாயுதம், இன்னைக்கு ஒமக்கு என்ன சோலி?" என்று கேட்டார்.

"இந்த விழாதான் அண்ணாச்சி."

"விழா முடிஞ்சிட்டு. மண்வெட்டிய எடும்."

மதினி அதற்குள் கரைக்கு ஏறிப் போய், தள்ளுவண்டியிலிருந்து பெரிய சட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. தலைவர் வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆண் பிள்ளை.

பிறகு நாலு வாரம் புன்னைநேரியில் எந்த வீட்டுப் பின்பக்கமும் சும்மா இருக்கவில்லை. குழாய்களைப் பிடுங்கினோம், தொட்டிக்கு அடித்தளம் போட்டோம், ஓடைக்கு எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சுகுழி வெட்டினோம். கொத்தனார் ஒருத்தரால் முடியாது என்று ஊரே சாந்துச்சட்டி தூக்கியது. ஒவ்வொரு வீடாக முடிய முடிய அந்த வீட்டு இழை நூலாக இளைத்து, ஒரு நாள் வராமல் நின்றது. எங்களுக்குப் பெருமை பேசாமல் இருக்கத் தெரியாதே. "எங்க வீட்டுக்கு நின்னு ஒரு வாரமாச்சு" என்று அதிலும் போட்டி போட்டோம். பத்திரிகையில் "நீர் நின்ற வீடு" என்று அச்சடித்தார்கள். யோசித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஓடோடி வந்து வெற்றிலை மாற்றினார்கள், கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி தங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்துத் தர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்ட சீர். என் வீட்டு இழைதான் கடைசியாக நின்றது. சோம்பல் ஒரு காரணம். இன்னொன்று, அது வாசலில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. கடைசி நாள், "போயிட்டு வா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "வராத, வராத" என்று திருத்திக்கொண்டேன்.

அந்த வருசம் எங்கள் ஊருக்கு ஆடிப் பதினெட்டு, ஆவணி பத்தாம் தேதி வந்தது. ஜெபராணி முந்தின நாளே தாளைக் கொடுத்துவிட்டாள். தலைவர் இந்த முறை இரண்டு கையாலும் வாங்கிப் படித்து, படித்துறைச் சுவரில் ஒட்டினார். நீச்சலுக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றோம். தலைவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது, தலைமயிர் கனத்துக்கு ஒரே ஒரு இழை, குளத்தின் ஓரத்திலிருந்து கரைமேல் ஏறியது.

நாற்பது பேரும் திரும்பி அவரவர் வீட்டுத் திசையைப் பார்த்தோம். கொத்தனார் வெளிறிப்போய், "என் வேலையில குத்தம் இருக்காது" என்றார். இழை புளியமரத்துப் பக்கமே போகவில்லை. நாங்கள் பின்தொடர, கீழ்க்கரையோடு நடந்து, சம்பூரணத்தின் கொட்டகைக்குள் நுழைந்து, சலவைக்கல் தொட்டிக்கு முன்னால் போய் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. தலைவர் செய்வித்த அதே தொட்டிதான். மதினி அதைப் பிள்ளை குளிப்பாட்டக் கொடுத்திருந்தாள். அந்தத் தொட்டிக்குள் பேரன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

சம்பூரணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்ய, எங்களுதுதான். நேத்து பொழுது சாய, இவன் துணிய படியோரம் அலசிட்டேன். ஒரே ஒரு துணி. தப்புதான், ஒத்துக்கறேன். இனிமே கொடத்துல மொண்டுனு போயி மேட்டுல அலசறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தண்ணீர் ஆறு வாரம் வாசலில் வந்து நின்றும் எங்களுக்கு வராத வார்த்தை அது. அவளுக்கு அது வர, தண்ணீர் நின்று நிமிருகிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தலைவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அது தப்பில்ல தாயி, அது பச்சப்பிள்ள" என்றார். மதினி ஓடிப்போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தாள்; இந்தத் தடவை அதை யாருக்கு எடுக்கிறோம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தட்டு மூன்றாவது சுற்று சுற்றும்போது, தொட்டியில் மல்லாந்து கிடந்த பிள்ளை காலை உதைத்து, தனக்கு முன்னால் வந்து நின்ற குளத்தை நோக்கி நல்ல உயரத்துக்கு ஒன்றுக்கு அடித்தான். ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தண்ணீர், ஆறரை மணி பஸ்ஸுக்கு ஒதுங்கியதைப் போலவே, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.